பன்னிரண்டு மணிக்குப் பாலத்தடியில்

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து கோச் பஸ் விடியுமுன்பே கிளம்பியது. மற்றவர்கள் பிரான்சில் கோட்டை பார்க்க வந்தார்கள். நான் அக்காவைப் பார்க்கப் போனேன்.

தவமலர் அக்கா பாரிசில் இருக்கிறாள். அகதி வழக்கு முடியாததால் அவள் இங்கே வர முடியாது. எனக்குப் போன மாதம்தான் பிரான்ஸ் விசா கிடைத்தது. லீவும் ஞாயிறு ஒரு நாள்தான். அவளைக் கண்டு எட்டு வருடம். கோச் போகும் இரண்டாவது கோட்டை பாரிசுக்குக் கிட்ட என்று அறிந்ததும் போன் எடுத்தேன்.

"பன்னிரண்டு மணிக்குக் கோட்டை வாசல் பாலத்தடியிலை நில்லு அக்கா."

"பின்னேரம் எனக்கு வேலை. கன நேரம் நிக்க ஏலாது, சொல்லிப்போட்டன்."

மடியில் ஒரு பெட்டி மட்டன் றோல்ஸ் வைத்திருந்தேன். நானே பொரித்தது.

"தம்பி, வாசம் வருது," என்றார் பயணத்தை ஒழுங்கு செய்த குகதாசன் அண்ணை.

"அது அக்காவுக்கு."

"அக்காவுக்கோ, அக்கான்ரை சிநேகிதி ஆருக்குமோ?" பின் சீற்றிலிருந்து றோஸ்மலர் மாமி கேட்க, கோச்சே சிரித்தது. நானும் சிரித்தேன். என் அறையில் என்னைப் பகிடி பண்ண ஆளில்லை.

கப்பலில் பைலா பாடினோம். முதல் கோட்டையின் அகழியில் கொழுத்த மீன்கள் திரிந்தன. "குழம்புக்கு நல்லது," என்றார் குகதாசன் அண்ணை. கோபுரங்களை நான் சரியாகப் பார்க்கவில்லை.

இரண்டாவது கோட்டையில் கோச் நின்றபோது என் கைக்கடிகாரத்தில் சரியாகப் பன்னிரண்டு. இறங்கி நிமிர்ந்தால் வாசல் மணிக்கூடு ஒன்று காட்டியது.

"உந்த மணிக்கூடு பழுது போலை, அண்ணை."

அவர் தலையில் கை வைத்தார். "ஐயோ தம்பி, இஞ்சை லண்டனிலும் பாக்க ஒரு மணித்தியாலம் முந்தி. கப்பலிலை சொன்னவங்கள். பைலாவிலை மறந்து போனன்."

பெட்டியோடு ஓடினேன். பாலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் வாத்துக்குப் பாண் துண்டுகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சேலை, கொண்டை என்று கையால் காட்டிக் கேட்டேன். இருவரும் தலையாட்டி இல்லை என்றார்கள். இவர்கள் வருமுன்பே அக்கா வந்து, காத்திருந்து, போயிருப்பாள். எட்டு வருடம் பைலாவில் போய்விட்டது.

அப்போது ஒரு பஸ் வந்து நின்றது. தடித்த கோட்டுக்குக் கீழே சேலைக் கரை தெரிய ஒருத்தி இறங்கினாள்.

"அக்கா! பன்னிரண்டுக்கு வந்திட்டுப் போட்டாய் எண்டு நினைச்சன்."

"ஆர் வந்தது? பள்ளிக்கூட மணி அடிச்சாப் பிறகுதானே நீ சப்பாத்துத் தேடுறனி. நீ பன்னிரண்டு எண்டால் ஒண்டு எண்டு எனக்குத் தெரியாதே? அதுதான் அடுத்த பஸ்ஸிலை வந்தனான்."

சொல்லிக்கொண்டே என் தலையைத் தடவினாள். "மயிர் எங்கையடா?"

"லண்டன் தண்ணி."

பாலச் சுவரில் ஏறி இருந்தோம். பின்னால் கோட்டையைச் சுற்றி எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா றோல்ஸைக் கடித்து, கண்ணை மூடி மென்றாள்.

"உப்புக் காணாது," என்றாள். "மற்றதையும் தா."