கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"அசையக் கூடாது தங்கம், இதோ முடிஞ்சிருச்சு."

கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வீறிட்ட குழந்தையின் தோள்களை அமுக்கிப் பிடித்தாள் அவள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து அவள் புருஷன், எக்ஸ்ரேக்காரர், பட்டனை அழுத்தினார். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவள் துப்புரவுப் பணியாளர். குழந்தைகளைப் பிடிக்க ஆளில்லை என்று ஒருநாள் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாகியும் அந்த ஒருநாள் முடியவில்லை.

போன மாதம் அவள் கழுத்தில் கட்டி கண்டது. கதிர்வீச்சால் வந்தது என்று தீர்மானமானால் ஆபரேஷனை ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அவர்கள் பாடு. அவள் மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்கும் என்று கணக்கிட லேப்டாப்போடு ஒரு பெண் வந்திருந்தாள்.

"எப்படிப் பிடிப்பீங்க, காட்டுங்கம்மா."

அவள் குழந்தைக்குப் பதிலாக ஒரு தலையணையை மேஜையில் கிடத்தினாள். குனிந்து அதன் மேல் கன்னத்தை வைத்து, பழக்கதோஷத்தில் தட்டியும் கொடுத்தாள்.

"என்னை ஒருநாளாவது இப்படித் தட்டிக் கொடுத்திருப்பியா?" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"நீங்க தலையணை மாதிரி வாயை மூடிட்டு இருந்தாத்தானே!"

வந்தவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கழுத்துக்கும் தலையணைக்கும் நடுவே டேப்பைப் பிடித்தாள். ஒரு சாண்கூட இல்லை; ஏப்ரனோ கழுத்துக்குக் கீழேதான் தொடங்கியது. நாளுக்கு எத்தனை குழந்தை என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"உங்க பேட்ஜ் நம்பர்?"

"எனக்கேதும்மா பேட்ஜ்?"

கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் அந்த அறைக்கே ஒன்றுதான். அது அவர் சட்டையில் இருந்தது.

"பேட்ஜ் இல்லாதவங்களுக்கு, அதே ரூம்ல இருக்கிறவங்க அளவைத்தான் எடுக்கணுமாம் சார்." அந்தப் பெண்ணின் குரல் இறங்கிவிட்டது. "நான் அளந்ததைத் தனியா எழுதித் தரேன். ஆனா ஆபீஸ்ல உங்க பேட்ஜைத்தான் பாப்பாங்க. அதுல இத்தனை வருஷமும் பூஜ்யம்."

"நான் கண்ணாடிக்குப் பின்னாடி நிக்கிறவன்மா! பிடிக்கிறது அவ!"

அடுத்த குழந்தையைக் கொண்டுவந்து மேஜையில் கிடத்திவிட்டு அதன் தாய் வெளியே போனாள். குழந்தை அலறியது. அவர் பேட்ஜைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

"குடு அந்த ஏப்ரனை. இன்னிக்கு நான் பிடிக்கிறேன்."

"பட்டனை யார் அமுக்குறது, நானா? இருக்கிற ஒரு வேலைக்கும் உலை வைக்காதீங்க. போங்க, பிள்ளை அழுவுது."

பேட்ஜை அவர் சட்டையிலேயே திருப்பிக் குத்தி, காலரையும் சரிசெய்து, தடுப்புக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். லேப்டாப் பெண்ணும் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

குனிந்து, குழந்தையின் நெற்றியில் கன்னத்தை வைத்தாள் அவள். பிறகு கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவர் பட்டனை அழுத்தினார்.