மண்டபத்தில் வளைந்து நின்றவர்கள்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஓவேலியில் எங்கள் சர்ச் மண்டபத்தின் ஜன்னல் உடைந்ததற்கு எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். சாவி வைத்திருப்பவன் என்பதால் லெஸ்லியாகிய நான் எழுத உட்கார்ந்தேன்.

மூடுபனி மலையைத் தழுவிய அந்தக் காலை

(அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.)

2

கெஸியா, டீ ஃபாக்டரி சில்வஸ்டரின் மகள். ஆறு வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். அவள் ஆராயும் பொருள் திரவம்போல் ஓடும், படிகம்போல் வரிசையிலும் நிற்கும். அதன் மூலக்கூறுகள் வாழைப்பழம்போல் வளைந்தவை. (உவமை என்னுடையதல்ல, விஞ்ஞானிகளுடையது.) ஓர் அடுக்கில் எல்லாம் ஒரே திசை பார்த்து, ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். அடுத்த அடுக்கு திரும்பி நிற்கும். ஆனாலும் எல்லா அடுக்கும் அதனதன் இடப்பக்கமே சாய்வதால் எல்லாம் இடக்கைதான் என்பது அவள் கட்சி. திரும்பி நின்றால் இடமும் வலமும் அடிபட்டுப் போகுமே என்று வழிகாட்டி சிவகுரு ஒரு வருடமாக அவள் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடவில்லை. கடைசியாக ஒருமுறை, நேரில் வந்து பார்க்கச் சம்மதித்தார்.

மண்டபத்தில் மணல் பரப்பி, முந்நூறு நேந்திரம்பழங்களை அடுக்கடுக்காக நட்டுவைத்தாள்.

3

யானை.

(எடுத்துவிடுங்கள், யாரும் நம்பமாட்டார்கள் என்றாள் கெஸியா. எடுத்துவிட்டால் ஜன்னலுக்கு நான் எதைக் காரணம் காட்டுவது?)

சிவகுரு வந்தபோது மணல் மட்டும் இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கெஸியா அழவில்லை. அஞ்சு நிமிஷம் கேட்டுவிட்டு, பாட்டுப் பயிற்சிக்கு வந்திருந்த பதினைந்து பேரையும் உள்ளே கூப்பிட்டாள்.

எட்டுப் பேர் தரையில், மேடையைப் பார்த்துக் குனிந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பெஞ்சின் மேல் ஏழு பேர், வாசலைப் பார்த்து. ஓர் ஆள் குறைந்தது. சிவகுருவே ஏறினார்.

"எல்லாரும் அவங்கவங்க எடது பக்கமா சாயோணுங்க," என்றாள் கெஸியா.

கீழே இருந்தவர்கள் சாய்ந்த பக்கமே சிவகுருவும் சாய்ந்தார். பக்கத்தில் நின்ற வேலாயியின் தலையில் இடித்தார்.

"சார், அது உங்க வலதுங்க," என்றார் வேலாயி.

அவர் மாற்றிச் சாய்ந்து, குனிந்தபடியே பின்னால் கீழ் வரிசையை எட்டிப் பார்த்தார். அது எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

"ரெண்டு வரிசையும் எடதுதான்," என்றார், யாரிடமும் சொல்லாததுபோல்.

கெஸியா அப்போதுதான் அழுதாள்.

4

அதற்குப்பின் சிவகுருவால் நிமிர முடியவில்லை. வளைந்த நிலையிலேயே ஜீப்பில் ஏற்றினோம். எஸ்டேட் டிஸ்பென்சரி போகும் வழியெல்லாம் கெஸியா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"ஒத்துக்கறேன்மா. மொதல்ல என்னை நிமித்துங்க," என்றார்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் நிமிர்ந்தார், உடனே மனம் மாறினார். இரண்டாவதில் வளைந்தபடியே கையெழுத்துப் போட்டார். மூன்றாவதில் யானை திரும்ப

வேண்டாம். நான் ஜன்னலுக்கு மட்டும்தான் பொறுப்பு. அவரை நீங்களே நிமிர்த்திக்கொள்ளுங்கள். மெதுவாக.