பஞ்சில் வந்த பச்சை

ஜெனிலா ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினாள். ராஜபாளையத்துக் கல்லூரி ஆய்வகத்தில் வைத்துவிட்டு வந்த வெற்றுக் குழாய்களை இன்று பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்றும் முளைத்திருக்கக் கூடாது. முளைத்திருந்தால் இத்தனை வருஷப் பாடும் மண்ணாய்ப் போகும்.

தூத்துக்குடிக் கரையில் அலையாத்தி மரங்கள் இலை கருகிச் சாகின்றன. அந்த நோயைத் தரும் பூஞ்சைகளை வகை பிரிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. கருகிய இலைத் துணுக்குகளை, பூஞ்சைக்குத் தீனியாகக் கூழ் ஊற்றிய குழாயில் போட்டு வளர்த்தபோது பச்சையாய் ஒரு பூஞ்சை கிளம்பியது. அதன் வித்துகள் புத்தகத்தில் உள்ள எந்த வகையோடும் சேரவில்லை. புத்தம் புதுசு! வழிகாட்டி வெங்கடேஸ்வரி மேடம் பூரித்துப்போய், மரத்துக்கு எமன் இதுதான் என்று நாளைக் கருத்தரங்கில் அறிவிக்கப்போகிறார். ஜெனிலாவும் சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லித் தொலைத்துவிட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

போன வாரம்தான் வந்தது வினை. இலையே போடாத ஒரு குழாயிலும் அதே பச்சை. அவள் வீட்டுக்காரன் செல்வின் நூல் மில்லில் வேலை பார்க்கிறான். இந்தப் பக்கத்தில் பஞ்சுக்கா பஞ்சம்? அவன் கொண்டுவருவதைத்தான் குழாய்களுக்கு அடைப்பாக வைப்பாள். ஆவியில் வேகவைத்துக் கிருமி போக்கும்போது அடைப்பு நனைந்துவிடும். நனைந்ததை உருவிவிட்டு, பையிலிருந்து காய்ந்த பஞ்சைத் திணித்துவிடுவாள். வேகாத பஞ்சு. கூறுகெட்ட வேலை, ஆனால் அப்போது தோன்றவே இல்லையே. உண்மை தெரியட்டும் என்று, கூழ் மட்டும் ஊற்றிய வெற்றுக் குழாய்களில் பாதியில் அந்தப் பஞ்சையும் மீதியில் வேகவைத்த பஞ்சையும் அடைத்து வைத்திருந்தாள்.

பஸ்ஸில் போன் அடித்தது. செல்வின்தான்.

"ஏட்டி, சாப்பிடாமப் போயிட்ட. இன்னொரு பை பஞ்சு எடுத்துட்டு வாரேன், வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்." வெடுக்கென்று வைத்துவிட்டாள். பாவம், அவன் என்ன செய்வான்.

'இயேசப்பா, ஒண்ணும் இருக்கக் கூடாது' என்று முனகிக்கொண்டே ஆய்வக அலமாரியைத் திறந்தாள். வேகாத பஞ்சு வைத்த குழாய் அத்தனையிலும் பச்சை. மற்றவை சுத்தமாக இருந்தன.

மறைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நினைப்பும் வரத்தான் செய்தது. ஆனால் பொய்யென்று அறியாமல் மேடம் மேடையில் நிற்பதை நினைத்தபோது தாங்க முடியவில்லை. நேரே அவர் அறைக்குப் போய்க் குழாய்களை மேசையில் வைத்தாள்.

"மேடம், இது அலையாத்தியில வந்தது இல்ல. எங்க வீட்டுப் பஞ்சுல வந்தது."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேடம் குழாய்களை ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். திட்டினாலாவது தேவலை.

"சரி, நாளைக்கு நான் பேசல. பொறவு மரத்தக் கொல்றது எதும்மா? இலையில வேற எதுவுமே முளைக்கலயா?"

முளைத்தது. எல்லா இலையிலும், ஒவ்வொரு தடவையும், பச்சைக்கு நடுவே மெதுவாகக் கடுகு கடுகாய்க் கறுப்புப் புள்ளிகள் வந்தன. பச்சையைக் கெடுக்க வந்த சனியன் என்று, அவற்றையெல்லாம் பொறுக்கியெடுத்து வேகவைத்துக் கொட்டியது ஜெனிலாதான்.