ஆதிப்புள்ளியைத் தொடாத கோடு

எங்கள் இயற்பியல் துறையில் ஊசல் பொய் சொன்னதே கிடையாது. புவியீர்ப்பு முடுக்கம் யாருக்கும் எப்போதும் 9.8 தான். ரகசியம் எளிது: மாணவர்கள் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பொருந்தும் அலைவு நேரங்களைப் பின்னாலிருந்து கணக்கிட்டு நிரப்புவார்கள். நாங்களும் முழு மதிப்பெண் போடுவோம்.

முதலாண்டு ஆய்வுக்கூடம் என் பொறுப்புக்கு வந்ததும் அந்த வழக்கத்தை நிறுத்தினேன். வந்ததை எழுத வேண்டும். ஏன் அப்படி வந்தது என்று தேட வேண்டும். ஆசிரியர் விடை சொல்லக் கூடாது. பக்கத்து அறையில் எலக்ட்ரானிக்ஸ் நடத்தும் என் கணவர் சிரித்தார். முதுகலை வகுப்பு தொடங்க அனுமதி தருவதா என்று பார்க்கக் குழு வரப்போகிறது. இந்த நேரத்தில் உரலுக்குள் தலையைக் கொடுக்கிறாயே என்றார். அனுமதி கிடைக்காவிட்டால் என் ஆய்வுக்கூடம் பழைய முறைக்கே திரும்பும் என்று துறைத் தலைவரும் சொல்லியிருந்தார்.

குழு வந்தது. அதன் தலைவர், நரைத்த புருவக்காரர், நேராக ஊசல் மேசைக்குப் போய், எவ்வளவு வந்தது என்று கேட்டார்.

"பத்து புள்ளி மூணு, சார்," என்றாள் அங்கிருந்த மாணவி.

"பூமி குண்டாயிடுச்சா?"

"பூமி மேல தப்பு இருக்காது சார். எங்க மேலதான். எங்கன்னு தேடிட்டிருக்கோம்."

வாசலில் நின்ற கணவர் விரல்களை வளைத்து ஒரு உருண்டை பிடித்து, அதன் நடுவைச் சுட்டிக்காட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவளுடைய கூட்டாளி நூலை நீளமாக்கி மறுபடி அளந்தான். இப்போது 9.9. நூல் குட்டையானால் பிழை பெரிது, நீளமானால் சிறிது. அப்படியானால் எல்லா அளவிலும் ஒரே துண்டு நீளம் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீளமான நூலில் அந்தத் துண்டு பொருட்டில்லை. குட்டை நூலில் அதுவே பெரிய பங்கு.

நீளத்தைக் கிடைமட்டத்திலும் அலைவு நேரத்தின் இருமடியைச் செங்குத்திலும் வைத்து அவர்கள் வரைபடம் போட்டார்கள். ஊசலின் நீளம் பூச்சியமானால் அலைவு நேரமும் பூச்சியம்தான். கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போக வேண்டும். போகவில்லை. கொஞ்சம் வலப்புறமாக அச்சைத் தொட்டது.

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மாணவி அந்தச் சிறு இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நூலில் தொங்கிய குண்டைக் கழற்றி வெர்னியர் அளவுகோலில் வைத்தாள். விட்டத்தில் பாதியும் அந்த இடைவெளியும் ஒன்றாக இருந்தன.

"அடிவரைக்கும் அளந்துட்டோம். குண்டோட நடு வரைக்கும்தான் அளந்திருக்கணும்."

குண்டின் எடை முழுவதும் நடுவில் இருப்பதுபோலத்தான் அது ஆடுகிறது. அதைவிட அழகு, கோட்டின் சாய்வு இந்தப் பிழையால் மாறவே இல்லை. கோடு முழுசாக நகர்ந்ததே தவிர, சரிவு அப்படியே இருந்தது. சாய்விலிருந்து கணக்கிட்டார்கள்: 9.8. இந்த முறை உண்மையான 9.8.

தலைவர் நூலைத் தொட்டு ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"எங்க காலத்துலயும் இது ஒன்பது புள்ளி எட்டுதான் வரும். எப்படி வரும்னு எனக்கும் தெரியும்மா," என்றார் என்னிடம்.

முதுகலை வகுப்பைத் தொடங்கலாம், அதன் ஆய்வுக்கூடமும் இப்படியே நடக்க வேண்டும் என்று துறைத் தலைவரிடம் அங்கேயே சொல்லிவிட்டார். என் நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

குழு போனதும் கணவர் வந்தார்.

"அவ்வளவு நேரம் கையால காட்டினேன். நீ பார்க்கவே இல்லையா?"

"பார்த்தேன். அதனாலதான் திரும்பிக்கிட்டேன். நீங்க காட்டினதை அந்தப் பொண்ணு பார்த்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அவர் மேசையில் கிடந்த குண்டை எடுத்து வெர்னியரில் வைத்து, தானும் ஒருமுறை அளந்து பார்த்தார்.