அடுப்பு மூட்டாத வியாழக்கிழமை

1

இதை முதலில் ஒரு பாராட்டுக் கட்டுரையாக எழுதத்தான் போனேன். அதை ஒப்புக்கொண்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

போன வருடம் மே முதல் வாரம். உடையார்பாளையத்திலிருந்து தா.பழூர் போகும் வழியில் ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம். அங்கே தொடக்கப் பள்ளியில் சத்துணவு சமைக்கும் மரிய புஷ்பம் என்பவர், பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகும் தன் வீட்டு வாசலில் அடுப்பு வைத்துப் பத்தொன்பது பிள்ளைகளுக்கு மதியச் சோறு போடுகிறார் என்று அலுவலக நண்பர் சொன்னார். எங்கள் பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமை இணைப்புக்கு ஏற்ற சங்கதி. அரியலூரிலிருந்து பைக்கில் போனேன். ஒரு தட்டு சாம்பார் சாதம் சாப்பிட்டேன். நாலு படம் எடுத்தேன். 'விடுமுறை அறியாத கரண்டி' என்று தலைப்புக்கூட வைத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் அந்தப் பிள்ளைகளில் ஐந்து பேர் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கட்டுரையை அழித்தேன். மறுபடி அந்த ஊருக்குப் போக எனக்குப் பதினொரு மாதம் ஆயிற்று.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மே மாத வெயிலில் முந்திரித் தோப்புகள்..." வேண்டாம். தோப்பு இந்தக் கதைக்குள் வரத்தான் போகிறது. அழகுக்காக அல்ல.

"பசி என்பது ஒரு..." அடித்துவிட்டேன். நாலு இட்லி சாப்பிட்ட வயிற்றோடு எழுதிய வாக்கியம்.

"மரிய புஷ்பம் ஒரு தியாக..." இதற்கு மேல் கை ஓடவில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். பள்ளி மூடிய மறுநாள், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரலாம் என்று புஷ்பம் சமையல் கூடத்துக்குப் போனார். கேட்டுக்கு வெளியே ஏழு பிள்ளைகள் நின்றார்கள். கையில் தட்டு.

"பள்ளிக்கூடந்தான் லீவு உட்டாச்சே. வூட்டுக்குப் போயி சாப்புடுங்க."

யாரும் நகரவில்லை. மூன்றாம் வகுப்பு முடித்த தென்றல் என்ற சிறுமிதான் வாயைத் திறந்தாள். "வூட்ல யாரும் இல்ல ஆயாம்மா. அம்மா கொட்ட ஒடைக்கப் போயிருக்கு. சாயங்காலந்தான் வரும்."

பள்ளி நாட்களில் அந்தப் பிள்ளைகளுக்குக் காலையில் உப்புமாவோ பொங்கலோ கிடைத்துவிடும். மதியம் சோறும் முட்டையும். இரண்டும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. தென்றலின் அம்மா பெரியம்மாளைப்போல அந்த ஊரில் பாதிப் பெண்கள் விடிந்ததும் முந்திரிக் கொட்டை உடைக்கும் கொட்டகைக்குப் போய்விடுகிறவர்கள். அந்த வீடுகளில் உலை வைப்பது இருட்டிய பிறகு ஒரே ஒரு முறை.

(இதெல்லாம் புஷ்பத்துக்குப் பல வருடமாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு மே மாதத்தையும் கடந்துதான் வந்திருக்கிறார். அந்த வருடம் மட்டும் ஏன் என்று கேட்டேன். "அந்தப் புள்ள தட்டக் கழுவி எடுத்துட்டு வந்திருந்துச்சு சார். ஈரம் சொட்டிச்சு" என்றார். இதைக் காரணம் என்று எந்த வாசகர் ஒப்புக்கொள்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே வைக்கிறேன்.)

அன்றைக்குத் தன் வீட்டு அரிசியைப் போட்டார். மறுநாள் பதினொரு பேர். வாரக் கடைசியில் பத்தொன்பது. தாய்மார்கள் ரேஷன் அரிசியில் ஆளுக்கு ஒரு படி கொண்டுவந்து கொடுத்தார்கள். ரெட்டிபாளையம் பக்கம் லாரி ஓட்டும் அவருடைய தம்பி செபஸ்டின் வாரம் ஒருமுறை கத்தரிக்காயும் பூசணியும் இறக்கிவிட்டுப் போனார். முட்டை மட்டும் கிடையாது. தினமும் யாராவது ஒரு பிள்ளை முட்டை கேட்டது.

3

இந்த இடத்தில் நான் மூன்று முறை பொய் எழுதினேன்.

இருபத்திரண்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை, புஷ்பம் சமைக்கவில்லை. ஏன்? முதல் படியில் அவரை ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு அனுப்பினேன், ஒரு நேர்த்திக்கடன். இரண்டாவது படியில் வரதராஜன்பேட்டையில் ஒரு சொந்தக்காரரைச் சாகடித்தேன். மூன்றாவதில் அவருக்கே கடும் காய்ச்சலைக் கொடுத்துப் படுக்கவைத்தேன். எல்லாம் உங்களுக்காகத்தான். உங்களுக்கு அவர்மேல் கோபம் வந்துவிடக் கூடாதே என்று.

அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"ஒண்ணுமில்ல சார். அலுப்பா இருந்துச்சு."

முழங்கால் வலியோடு, விறகடுப்பில், தனியாளாக இருபத்தோரு நாள். அன்று காலை உலைப் பானையைத் தூக்கப் போனவர் தூக்காமல் திரும்பி வந்து பாயில் படுத்துக்கொண்டார். ஒரு நாள்தானே என்று நினைத்தார். பதினொன்றரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"ஆயாம்மோவ்..."

அவர் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார்.

[இந்த வாக்கியத்தை எழுதலாமா என்று கேட்டேன். "நடந்ததுதான?" என்றார்.]

"ஊருக்குப் போயிருக்கும்டா" என்றது ஒரு பையன் குரல்.

"நேத்து ஒண்ணும் சொல்லலியே." இது தென்றல்.

கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு காலடிச் சத்தம் தோப்புப் பக்கம் போயிற்று. புஷ்பம் தூங்கிவிட்டார். "நல்லா தூங்குனேன் சார்" என்றார் என்னிடம். அதைச் சொல்லும்போதுதான் அழுதார், அதுவரை அழவில்லை.

தோப்பில் முந்திரிப் பழம் முடிந்திருந்தது. வேலியோரம் காட்டாமணக்கு காய்த்துக் கிடந்தது. காயை உடைத்தால் உள்ளே பருப்பு வெள்ளையாக இருக்கும். ஐந்து பிள்ளைகள் தின்றார்கள். மற்றவர்கள் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

4

நாலு மணிக்கெல்லாம் வாந்தி ஆரம்பித்துவிட்டது. யாரோ போன் போட, ஆம்புலன்ஸ் வந்து ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று நர்ஸ் கேட்டதற்கு, கூட வந்த கூட்டம் ஒரே குரலில் சொன்னது: "சத்துணவு ஆயா போடுற சோறு." அப்படியே எழுதப்பட்டது. போலீசுக்கும் தகவல் போயிற்று.

செய்தி கேட்டு ஓடிவந்த புஷ்பத்துக்கு வார்டில் யாரும் வழிவிடவில்லை. இடித்துக்கொண்டுதான் தென்றல் கட்டிலருகே போனார். சிறுமி கண்ணைத் திறந்தாள்.

"ஆயாம்மா, ஊர்லேருந்து வந்துட்டியா?"

"என்னடி தின்ன?"

"வேலியில கொட்ட. வேர்க்கடலயாட்டம் இனிப்பா இருந்துச்சு."

பக்கத்தில் பெரியம்மாள் நின்றார், கொட்டகையிலிருந்து நேராக வந்தவர். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புஷ்பம் உடனே போய் நர்ஸிடம் சொன்னார். டாக்டர் வந்தார், ஐந்து பேருக்கும் வைத்தியம் அதற்கேற்றபடி நடந்தது. (இதில் சந்தேகம் வேண்டாம். பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைத்து அவர் எதையும் மறைக்கவில்லை. மூன்றாம் நாள் ஐந்து பேரும் வீட்டுக்கு நடந்தே வந்தார்கள்.)

நர்ஸ் சொன்னார்: "அப்ப மொதல்ல எழுதுனத மாத்தணும். விசாரணைக்கு வருவாங்க. பெத்தவங்க யாராச்சும் வந்து சொல்லுங்க."

பெரியம்மாள் புஷ்பத்தின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"வேணாங்க்கா. பசிச்சு வேலியில கெடந்தத தின்னுச்சுன்னு எழுதுனா, பெத்தவ எங்க போனான்னு கேப்பாங்க. எங்கூட்டுக்காரரு அப்பறம் என்னைய வேலக்கி உடமாட்டாரு. நான் வேலக்கிப் போவலன்னா ராத்திரி சோறும் இல்லக்கா. ஒங் காலுல வேணா வுழுவுறேன்."

"சீ, எந்திரி."

"அக்கா..."

"எந்திரின்னா."

புஷ்பம் நர்ஸிடம் திரும்பிப் போனார். "எழுதுனது அப்படியே இருக்கட்டும்மா."

"ஒங்களுக்குத்தாங்க வம்பு."

"இருக்கட்டும்."

5

இங்கேதான் எனக்கு இந்தப் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வருகிறது. நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "ஒருத்தி இப்படியெல்லாம் செய்வாளா? நீ அவளைச் சாமியாக்குகிறாய்" என்றார். அதே கேள்வியைப் புஷ்பத்திடம் கொண்டுபோனேன்.

"நல்லவளாவணும்னு செய்யல சார். காரணம் என் சோறு இல்லன்னு சொன்னா, அன்னிக்கி நான் சோறே ஆக்கலன்னு சொல்லணும்ல? கதவத் தொறக்காம படுத்துருந்தேன்னு சொல்லணும்ல? அது வாயில வரல. அவ கேட்டது எனக்கும் வசதியாப் போச்சு."

ஆகவே, தியாகம் என்ற சொல்லை இந்தக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன்.

விசாரணை நடந்தது. வெளியில் சமைத்த அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்டு, பள்ளியில் இருந்த மூட்டைகளை எடை போட்டுப் பார்த்தார்கள். எடை சரியாக இருந்தது. ஆனாலும் அனுமதியில்லாமல் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டது குற்றம் என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அரிசி கொடுத்த தாய்மார்கள் "நாங்க வேணாம்னுதாங்க சொன்னோம்" என்றார்கள். தனியாட்கள் யாரும் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது என்று ஊருக்குள் எழுதி ஒட்டினார்கள்.

பள்ளி திறக்க இன்னும் பதினொரு நாள் இருந்தது. திங்கட்கிழமை நாலைந்து பிள்ளைகள் தட்டோடு வந்து நின்றார்கள். புஷ்பம் வெளியே வந்து, "இங்க வரக் கூடாது, போங்க" என்றார். போகாததால் ஒரு குச்சியை எடுத்தார்.

"ஒருத்தியக் காப்பாத்தப் போயி பத்தொம்பது வயித்துல அடிச்சிட்டேன் சார். அப்பயே தெரிஞ்சிருக்கணும்."

தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன்.

6

வேறு முடிவுகள் இருந்தன.

ஒன்றில் அன்பழகன் என்ற அதிகாரியை உருவாக்கினேன். நல்ல மனிதர். அவர் உண்மையைக் கண்டுபிடித்து, லீவு நாட்களிலும் சமையல் கூடத்தைத் திறக்க உத்தரவு வாங்கிவருகிறார். இரண்டு பக்கம் ஓடியது. எழுதும்போது எனக்கே நிம்மதியாக இருந்தது, அதனாலேயே கிழித்தேன். அப்படி ஒருவர் அங்கே வரவில்லை.

இன்னொன்றில் பெரியம்மாள் விசாரணையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்கிறார். இது பாதி நிஜம். விசாரணை அன்று அவர் ஆபீஸ் வாசல்வரை வந்தாராம். புங்கமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றாராம். உள்ளேயிருந்து யாரோ "யாரும்மா நீ, என்ன வேணும்?" என்று கேட்டதும், "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அவரை நான் குறைசொல்லி எழுதிய ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். எனக்கும் பதினொரு மாதம் ஆயிற்றே.

மூன்றாவது முடிவு இந்தக் கதையே. இது அச்சானால் புஷ்பத்துக்கு வேலை திரும்பக் கிடைக்கலாம். பெரியம்மாளை ஊர் அடையாளம் கண்டுகொள்ளும். எத்தனை பெயர் மாற்றினாலும் கண்டுகொள்ளும்.

7

இந்த வருடம் லீவு விட்ட ஒன்பதாம் நாள் போய், எழுதியதைப் புஷ்பத்துக்குப் படித்துக் காட்டினேன். அவரும் இப்போது கொட்டை உடைக்கத்தான் போகிறார், பெரியம்மாள் போகும் அதே கொட்டகைக்கு. ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்களாம். பேச்சில்லை. அவர் விரல்களும் கறுத்துவிட்டன. அன்று முழங்கால் வீங்கி வேலைக்குப் போகாமல் இருந்தார்.

கடைசிவரை கேட்டார்.

"அவ பேரு?"

"மாத்திட்டேன்."

"புள்ள பேரு?"

"அதையும் மாத்திட்டேங்க."

"எம் பேர மாத்தாதீங்க. நான் கதவத் தொறக்கலங்கறது இருக்கட்டும்."

"அப்ப இதப் போடலாங்களா?"

"பள்ளிக்கூடம் தொறக்க இன்னும் எத்தன நாளு இருக்கு சார்?" என்று கேட்டார். சொன்னேன். விரல் விட்டு எண்ணுவதுபோல் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனார். நான் வாசலில் பத்து நிமிடம் நின்றேன். திரும்பி வரவில்லை.

இந்தக் கதை உங்கள் கையில் இருக்கிறது என்றால், ஒருவரைக் கைவிட நான் முடிவுசெய்துவிட்டேன் என்று அர்த்தம். யாரை என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நீங்கள் இதைப் படிப்பது ஜூனிலோ அதற்குப் பிறகோ என்றால், முடிவு எப்படியோ நடந்து முடிந்திருக்கும். நானும் நீங்களும் அங்கே இல்லை. மே மாதம் என்றால் இன்னும் முடியவில்லை. இப்போது மணி என்ன என்று பாருங்கள். பதினொன்றரை ஆகவில்லையென்றால், அந்தக் கதவை இன்னும் யாரும் தட்டியிருக்க மாட்டார்கள்.