சித்தி வீட்டுக்கு வழி

மகள் முழு நாள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வேலைக்குப் போகிறேன் என்று கணவனிடம் சொன்னாள். இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பில் கணினி படித்தவர்கள். கல்யாணமான கையோடு அவன் சொந்தமாக ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினான். அப்போது அவளுக்கு வயிற்றில் பிள்ளை, வீட்டில் தங்கிவிட்டாள். மருந்துக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேன்கள் எந்தக் கடைக்கு முதலில் போவது, எந்தத் தெருவில் திரும்புவது என்று வழி சொல்வதுதான் அவன் மென்பொருள். இப்போது அந்த நிறுவனத்தை ஒரு பெரிய கம்பெனி விலைக்குக் கேட்டு வந்திருந்தது.

"நல்ல நேரத்துல கேட்ட," என்றான் அவன். "வாங்குறவங்க லைசென்ஸ் ஸ்கேன் வேணும்ங்கிறாங்க. எங்க பசங்க ஒருத்தனும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்கிறான். உனக்குத்தான் பொறுமை ஜாஸ்தியாச்சே."

இணையத்தில் பலர் தாங்கள் எழுதிய நிரலைப் பொதுவில் போட்டு வைத்திருப்பார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை இருக்கும். சிலர் தங்கள் பெயரை அழிக்காமல் விட்டால் போதும் என்பார்கள். சிலர், என்னுடையதை வைத்து நீ செய்ததையும் இதேபோல் திறந்து கொடு என்பார்கள். நிறுவனத்தின் நிரலில் அப்படி வெளியிலிருந்து வந்தது எது, அதன் நிபந்தனையை மதித்திருக்கிறார்களா என்று ஸ்கேனர் துழாவித் தரும். அது தருவதையெல்லாம் ஒரு ஆள் உட்கார்ந்து படித்து, இது சரி, இது ஆகாது என்று பிரிக்க வேண்டும். அந்த ஆளாக அவள் போனாள்.

"ஆபீஸ்ல மட்டும் என்னை 'நீங்க'ன்னு கூப்பிடு," என்று முதல் நாள் காரில் சொன்னான். சரி என்றாள்.

பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு மேசை கொடுத்தார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லாம், "ஸ்கேன்ல என்ன மேடம் தெரியுது, ஆணா பெண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவளும் சிரித்தாள். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நாற்காலி தனக்கென்று இருப்பதே அவளுக்கு நிறைவாக இருந்தது.

ஒரு நாள் ஓரத்து மேசையிலிருந்து ஒருவன் கத்தினான். "டேய், சித்தி வீட்டுக்கு வழி கிடைக்கலடா!" அறையே சிரித்தது.

"அது என்ன சித்தி வீடு?" என்று தலைமை நிரலாளரிடம் கேட்டாள். அவரை எல்லோரும் தாடி என்பார்கள். முகத்தில் பாதி அதுதான்.

"டெஸ்ட்ல வேன் நிக்கிற ஸ்டாப் பேரு மேடம். அப்பா கடை, பல் டாக்டர், சித்தி வீடு. சார் ஆரம்பத்துல, வழி கண்டுபிடிக்கிற இஞ்சின் எழுதினப்போ வெச்சது. சாரோட சித்தி வீடா இருக்கும்."

அவள் கணவனுக்குச் சித்தியே கிடையாது.

அவள் மேசைக்குத் திரும்பி, வரிசையில் பின்னால் கிடந்த இஞ்சின் கோப்புகளை முன்னால் இழுத்து ஸ்கேனரை ஓடவிட்டாள். திரையில் இடது பக்கம் பொதுவில் கிடந்த நிரல், வலது பக்கம் நிறுவனத்தின் நிரல். ஒத்துப்போகும் வரிகளுக்கு மஞ்சள் பூசிக் காட்டும். இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை மஞ்சள். "இந்த வரியைத் தொடாதீங்க, ஏன் வேலை செய்யுதுன்னு எனக்கே தெரியல" என்று கல்லூரிக் கடைசி வருடத்தில் அவள் எழுதிவைத்த குறிப்புகூட அப்படியே இருந்தது. சித்தி வீடும் அவளுடைய சித்தியின் வீடுதான். உச்சியில் மட்டும் வித்தியாசம். இடது பக்கம், அப்பாவின் இனிஷியலோடு அவள் பெயர். வலது பக்கம், அவன் பெயர்.

கம்பெனி தொடங்கியபோது, "எடுத்துக்கோ, ஆனா பேரை அழிக்கக் கூடாதுங்கிற நிபந்தனை உனக்கும்தான்" என்று சிரித்துக்கொண்டே அவள்தான் கொடுத்தாள். பிறகு ஒருமுறை விசாரித்தபோது, "உன்னோடத எப்பவோ தூக்கிட்டேன், எல்லாம் புதுசா எழுதியாச்சு" என்றான். நம்பினாள். ஒவ்வொரு வரியும் எப்போது மாறியது என்று நிரலின் வரலாற்றில் பார்க்கலாம். பார்த்தாள். மகள் பிறந்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அவள் பெயர் போயிருந்தது. கஸ்டமர் வந்திருக்காங்க என்று அவன் பாதியில் கிளம்பிப் போன வாரம் அது.

வேலையில் எப்படி எழுத வேண்டுமோ அப்படியே எழுதினாள். 'ஆகாது. எழுதியவரிடம் அனுமதி பெற்றுப் பெயரை மீண்டும் இட வேண்டும். அல்லது நீக்க வேண்டும்.' அதை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனாள்.

அவன் படித்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினான்.

"நீ எழுதினதுதானே, நீயே அனுமதி கொடுத்துடு. முடிஞ்சுபோச்சு."

"கேட்டா குடுக்கிறேன். மேல என் பேர் இருக்கணும்."

"நமக்குள்ள என்ன உன் பேரு என் பேரு?"

"அப்ப என் பேரே இருக்கட்டுமே."

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "புரிஞ்சுக்கோ. இஞ்சின் நான் தனியா எழுதினதுன்னு அவங்ககிட்ட சொல்லிருக்கேன். பேப்பர்ல எல்லாம் வந்திருக்கு. இப்ப உன் பேர் ஒரு வரி வந்தா, நான் இதுவரைக்கும் சொன்னது அத்தனையும் பொய்யாயிடும்."

"பொய்தானே சொன்ன நீ?"

"மெதுவா பேசு. வெளியில பசங்க இருக்காங்க."

வீட்டில் மாமியாருக்கு எப்படியோ விஷயம் போயிருந்தது. "அவன் பேரு வெளங்கினா உனக்கும்தானேம்மா பெருமை," என்றார், குரலை உயர்த்தாமல். அவளுடைய அம்மா போனில், "கட்டின புருஷன்கிட்டப் போய் யாராவது இப்படிக் கணக்குப் பார்ப்பாங்களா?" என்றாள். அவள் கணக்கு எதுவும் பார்க்கவில்லை. தப்புதான், போட்டுடலாம் என்று அவன் ஒரு தடவை வாயைத் திறந்து சொல்வான் என்று காத்திருந்தாள். சொல்லியிருந்தால், போடாவிட்டாலும் போகிறது என்று அவளே விட்டிருப்பாள்.

அவன் தாடியைக் கூப்பிட்டு, பழைய இஞ்சினைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னான்.

தாடி புலம்பிக்கொண்டே அவளிடம் வந்தார். "நல்லா ஓடிட்டிருக்கிறத எதுக்கு மேடம் பிரிச்சுப் போடணும்? யாரோ வெளியாள் எழுதினதாம். அந்த ஆளுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுட்டா தீர்ந்துபோச்சு!"

"கேக்க இஷ்டமில்லையாம்."

"அப்படி என்ன ஆளு மேடம் அது? உங்களுக்குத் தெரியுமா?"

அவள் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெயரைத் திரையில் பார்த்திருந்தாலும் தாடிக்குப் புரிந்திருக்காது. இங்கே அவள் சாரின் மனைவி, ஸ்கேன் மேடம்.

"தெரிஞ்சவங்கதான்," என்றாள்.

புது இஞ்சினை எழுதுகிறவர்கள் பழையதைப் பார்க்கக் கூடாது என்பது விதி. எழுதி முடித்ததை அவள் ஸ்கேன் செய்ய வேண்டும். முதல் தடவை அங்கங்கே மஞ்சள் வந்தது. யாரோ ஒரு பையன் சோம்பல்பட்டுப் பழையதிலிருந்து கொஞ்சம் அள்ளிப் போட்டிருந்தான். 'இன்னும் இருக்கிறது, எடுத்துவிடவும்' என்று திருப்பி அனுப்பினாள். அடுத்த தடவை குறைந்தது. டெஸ்டிலும் பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டுவிட்டார்கள். வேன்கள் முன்பைவிடக் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போயின. மருந்துக் கடைக்காரர்கள் சில நாள் கத்திவிட்டுப் பிறகு பழகிக்கொண்டார்கள்.

கடைசி ஸ்கேனில் எதுவுமே வரவில்லை. இயந்திரத்தை நம்பாமல் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து அவளே படித்தாள். அவள் எழுதிய ஒரு சொல்கூட எங்கும் இல்லை. 'ஆகாதது எதுவும் இல்லை' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அது உண்மை என்பதுதான் அவளைக் குத்தியது.

"பார்த்தியா, யாருக்கும் நஷ்டமில்லாம முடிஞ்சுது," என்றான் அவன். அவன் முகத்தில் அத்தனை நிம்மதி.

நிறுவனம் விலைபோனது. விழா மேடையில் அவன் அவளைக் கைகாட்டி, "வீட்டை இவங்க பார்த்துக்கிட்டதாலதான் என்னால இஞ்சின்ல உட்கார முடிஞ்சுது," என்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் அவள் வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள். அங்கேயும் ஸ்கேன் வேலைதான். நேர்காணலில், சொந்தமாக நிரல் எழுதியதுண்டா என்று கேட்டார்கள். உண்டு, இப்போது புழக்கத்தில் இல்லை என்றாள். பொதுவில் அது இன்னும் அவள் பெயரோடு கிடக்கிறது. எடுப்பாரில்லை.

வீட்டில் சண்டை எதுவும் இல்லை. மகளின் பள்ளி, மாமியாரின் முட்டி வலி, கேஸ் சிலிண்டர் தீர்ந்தது என்று தேவைக்குப் பேசிக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன், மனசு விட்டுப் பேசுகிறவன்போல, "ஒண்ணு சொல்லட்டுமா? நீ அப்பவே, ஆரம்பத்துலயே கேட்டிருந்தா நான் உன் பேரைப் போட்டிருப்பேன்," என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் நிஜமாகவே அப்படி நம்பினான். சாதத்தைப் பிசைந்தபடி, "மோர் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள்.