தூக்கு வடம்

இந்த வருஷத் தூக்கு எங்கள் தெருவுக்கு விழுந்தது. போன வருஷம் மேலத்தெரு. தேர் இழுப்பது போலத்தான். வடம் ஜெயிலில் இருக்கும் சுருக்கிலிருந்து கிளம்பி, தபாலாபீஸைச் சுற்றி, எங்கள் தெருவுக்குள் வரும். வீட்டுக்கு ஒரு ஆள் வந்து வடத்தைப் பிடிக்க வேண்டும். தெருவே பிடிப்பதால் யாரும் கொன்றதாகாது. எங்கள் ஊரில் புத்திக்கு என்றைக்குப் பஞ்சம் வந்தது?

தூக்கில் போட வேண்டியவன் அரிசிக்கடை தங்கப்பழத்தை எடைக்கல்லால் அடித்துக் கொன்றவன். தங்கப்பழத்துக்கு மூன்று பெண்பிள்ளைகள். அதை மறைக்க எனக்கு ஆசையில்லை.

எனக்குப் பாத்திரக்கடை. மதியம் ஒரு மணிக்கு அடைத்து நாலு மணிக்குத் திறப்பேன். அடைக்கும்போது வாசல்படியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவேன். கண்டவனும் வந்து படுக்கக் கூடாதல்லவா. தெருவில் எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம். தங்கப்பழம் ஒருநாள் தன் படியில் படுத்திருந்த இவன்மேல் வெந்நீர் ஊற்றிவிட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

தூக்கன்று காலையில் ஜெயில் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். வராந்தா போகப் போக நீண்டது. வழியில் இரண்டு முறை உட்கார்ந்து டீ குடித்தேன். கடைசியில் ஒரு மேஜை. பின்னால் ஓர் அம்மாள். முன்னால் விலங்கோடு அவன்.

"இவருக்கு ரேஷன் கார்டு இல்ல," என்றார் அந்த அம்மாள். "கார்டு இல்லன்னா ஆளே இல்ல. இல்லாத ஆளத் தூக்குல போட ரூல்ஸ் கிடையாது."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"விட்டுருவோம். இருந்த இடத்துக்கே போகட்டும்."

"எங்க இருந்தான்?"

"உங்க கடைப் படியில, அண்ணாச்சி," என்றான் அவன். "பதினோரு வருஷமா."



"இல்லன்னா உங்க கார்டுல சேத்துக்கிடுங்க," என்றார் அம்மாள். "மூணு மணிக்குத் தூக்கு நடந்துரும்."

கையெழுத்துப் போடாவிட்டால் பிழைப்பான். போட்டால் சாவான். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. போடாவிட்டால் ஒரு மணிக்கு என் படியில் இருப்பான் என்பதும் புரிந்தது. கார்டில் பேர் சேர்க்கும் பாரத்தை வாங்கினேன்.

"பேரு?"

"டேய்னுதான் கூப்பிடுவாங்க," என்றான்.

அம்மாள் 'டேய்' என்று எழுதினார். என் பக்கம் திரும்பினார்.

"உறவுமுறை?"

"ஒரு உறவும் இல்ல."

"அது லிஸ்ட்ல இல்ல."

"மகன்னு போடுங்க."

எரிச்சலில்தான் சொன்னேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பதினோரு வருஷத்தில் அன்றுதான் அவன் முகத்தை முழுசாகப் பார்த்தேன். முப்பது வயதுகூட இருக்காது. கையெழுத்தைப் போட்டேன்.

"கடைசி ஆசை ஏதும் உண்டா?" என்று அம்மாள் அவனைக் கேட்டார்.

"ஒரு மணி நேரம் படியில தூங்கிக்கிடுதேன். காஞ்ச படியில."

"அதுக்கென்ன, தூங்கிட்டுப் போ," என்றேன். கார்டுப்படி மகனாச்சே.

ஒரு மணிக்கு வந்தான். கூட வந்த போலீஸ்காரர் வெயில் தாங்காமல் பித்தளைக் குடமாகி ஷட்டர் ஓரம் நின்றுகொண்டார். அவன் படுத்ததும் தூங்கிவிட்டான். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் ஷட்டரை இறக்கினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். வாளியை எடுத்து ஊற்றினேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. முப்பது வருஷப் பழக்கம். ஷட்டர் இறங்கினால் கை வாளிக்குப் போகும். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அவன் எழுந்து உட்கார்ந்தான். தலையிலிருந்து சொட்டியது.

"பரவால்ல அண்ணாச்சி," என்றான். "நீங்க பச்சத்தண்ணிதான ஊத்துதீங்க."

அவனை ஜெயிலுக்குத் திரும்பக் கூட்டிப் போனார்கள். மூன்று மணிக்கு வடம் வந்தது. எல்லாரும் பிடித்தோம். ஜவுளிக்கடைக்காரர் "இழுங்கப்பா, இழுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் கை வடத்தின்மேல் சும்மா கிடந்தது. என் கையும் அப்படித்தான். தேருக்கும் பாதிப் பேர் தொட்டுக் கும்பிடத்தானே வருகிறார்கள். யாரும் இழுக்கவில்லை. வடம் நகர்ந்தது. கொஞ்ச நேரம் கனத்தது. பிறகு கனக்கவில்லை.

"நான் தொட்டதோட சரி," என்று ஆளாளுக்குச் சொன்னோம். சொல்லி முடித்ததும் அதே ஆட்கள் வரிசையாக வந்து என்னிடம் துக்கம் விசாரித்தார்கள்.

"மகனப் பறிகொடுத்துட்டீங்களே அண்ணாச்சி," என்றார் ஜவுளிக்கடைக்காரர். "தங்கமான பையன்."

அவர் சட்டையைப் பிடித்து அறையலாம் போலிருந்தது. அறையவில்லை. அழுதேன். வெட்கங்கெட்ட அழுகை.

நாலு மணிக்குக் கடை திறக்கப் போனேன். படி ஈரமாகத்தான் இருந்தது. ஈரத்தின்மேல் வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாச்சி, கார்டுல பேரு சேக்க உங்களத்தான் பாக்கணுமாமே?" என்றான். "நான் இன்னும் யாரையும் ஒண்ணும் பண்ணல. இப்பவே சேப்பீங்களா?"

அவன் பேரைக் கேட்டிருக்கலாம். நான் குழாயடிக்குப் போனேன். வரிசையில் நின்று வாளியை நிரப்பினேன். திரும்பி வந்து, "டேய்," என்று கூப்பிட்டேன்.